கால் மில்லிமீட்டர்: கம்பம் பள்ளத்தாக்கில் பேஸ் கிட்டாரைச் சரிசெய்யும் கருவிகள்

அமெரிக்காவில் செய்யப்பட்ட ஃபெண்டர் பேஸ் கிட்டார்கள் பலவற்றில், நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராடைத் திருப்ப 3/16 அங்குல ஆலன் கீ வேண்டும். மில்லிமீட்டரில் அது 4.76. தேனியிலோ போடியிலோ கம்பத்திலோ ஹார்டுவேர் கடையில் ஆலன் கீ செட் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது மில்லிமீட்டர் செட். அதில் 4-க்கு அடுத்தது 5. நான்கு உள்ளே போய் வழுக்கும்; ஐந்து நுழையவே நுழையாது. ஐந்தைச் சுத்தியலால் தட்டி இறக்கியவர்களும் உண்டு, நான்கின் மேல் டேப் சுற்றித் திருகிப் பார்த்தவர்களும் உண்டு. இரண்டு வழியும் ஒரே இடத்தில்தான் போய் முடியும். அறுகோணக் குழியின் மூலைகள் மழுங்கி அது வட்டமாகிவிடும். பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது. பல பேஸ்களில் அந்த ராடை மாற்ற வேண்டுமானால் மேலே ஒட்டியிருக்கும் விரல்பலகையையே பெயர்த்தெடுக்க வேண்டும். அந்தச் செலவில் சுமாரான இன்னொரு பேஸ் வாங்கிவிடலாம்.

பேஸ் கிட்டாரைச் சரிசெய்ய எந்தெந்தக் கருவி வேண்டும் என்ற கேள்விக்கு வெளிநாட்டுக் கையேடுகள் ஒரு பட்டியலோடு பதில் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் இந்தப் பள்ளத்தாக்கில் ஏற்கெனவே இருக்கிறது. டிராக்டர் பட்டறையிலும் பைக் மெக்கானிக்கிடமும் நகைப் பட்டறையிலும் செல்போன் கடையிலும் வேறு வேலைக்காக அவை கிடக்கின்றன. வெளியிலிருந்து வரவழைத்தே ஆக வேண்டியவை மிகச் சில. அவற்றைப் பிரித்தறியாததால்தான் இணையத்தில் பெரிய செட் ஒன்றை வாங்கிப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டுகிறவர்களும், கைக்குக் கிடைத்ததை வைத்து வாத்தியத்தைக் கெடுப்பவர்களும் ஒரே ஊரில் இருக்கிறார்கள்.

இந்த வட்டாரத்தில் பேஸ் வாசிப்பவர்கள் இரண்டு இடங்களில் அதிகம். ஒன்று, திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் போகும் மெல்லிசைக் குழுக்கள். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவை ஒட்டிய நாட்களில் அவர்களுக்கு ஓய்வே கிடையாது. மற்றொன்று தேவாலயப் பாடற்குழுக்கள். இரண்டு இடத்திலும் வாத்தியம் ஒன்றுதான், ஆனால் அதனிடம் கேட்கும் வேலை வேறு. தேவாலயத்தில் பெரும்பாலும் கார்டின் மூல ஸ்வரத்தை முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள்ளேயே பிடித்து நிற்கலாம். மெல்லிசை மேடையில் அது நடக்காது. காரணம் இதே மண்ணைச் சேர்ந்தவர்.

1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றிவிட்டுச் சென்னைக்குப் போய், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, 1976-இல் அன்னக்கிளியில் தொடங்கியது எல்லோருக்கும் தெரிந்த கதை. பேஸ் கிட்டாருக்கு அவர் செய்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தாளத்தோடு சேர்ந்து அடியில் உறுமிக்கொண்டிருந்த வாத்தியத்துக்கு அவர் தனி மெட்டு எழுதிக் கொடுத்தார். ஸ்டாஃப் நொட்டேஷனில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தாள் எழுதுபவர் என்பதால் பேஸ் வரியும் வாசிப்பவரின் ஊகத்துக்கு விடப்படவில்லை. அவருடைய குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனின் பெயரை இன்று இளம் வாசிப்பாளர்கள் மரியாதையோடு சொல்கிறார்கள். அந்த வரிகள் நெக்கின் அடிப்பகுதியில் நிற்பதில்லை. ஏறி, வளைந்து, பாடகரின் மெட்டுக்கு எதிர்மெட்டாக நடந்துவிட்டுத் திரும்பும். கேட்பவர்களுக்கும் அவை மனப்பாடம். பண்ணைப்புரத்துக்குப் பக்கத்து ஊர் மேடையில் பன்னிரண்டாம் ஃப்ரெட் அருகே ஒரு ஸ்வரம் கொஞ்சம் ஏறி ஒலித்தால், பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் முன்வரிசைக்காரர் முகம் சுளிப்பார். ஆகவே இங்கே மேடை பேஸுக்குச் செட்டிங் சரியாக இருந்தே ஆக வேண்டும்.

சரியாக வைத்ததும் அப்படியே நிற்காது என்பதுதான் அடுத்த சிக்கல். சாதாரண 45-105 கனத்தில் நான்கு கம்பிகளையும் சுருதிக்கு ஏற்றினால் அவை சேர்ந்து நெக்கை ஏறத்தாழ 80 கிலோ எடை அளவுக்கு இழுக்கின்றன. ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸிலிருந்து பெரும்பாலான பேஸ்களுக்குக் கம்பி நீளம் 34 அங்குலம். அவ்வளவு நீண்ட, ஒல்லியான மரத்தை இரவும் பகலும் அவ்வளவு பளு இழுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு எதிர்ப்பக்கமாக இழுக்கத்தான் டிரஸ் ராட். கிப்சன் நிறுவனத்தில் இருந்த தாடியஸ் மெக்ஹ்யூ 1920-களின் தொடக்கத்தில் திருகி மாற்றக்கூடிய ராடுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று வரை அடிப்படை அதேதான்.

மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், வெயிலில் காய்ந்து சுருங்கும். கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் குடியும் காய்ச்சலும் ஒரே வாரத்தில் மாறி மாறி வரலாம். சித்திரை வெயிலில் தேனியில் ஒரு கச்சேரி. மறுநாள் குமுளியில் ஒரு கல்யாணம். கம்பத்திலிருந்து மலையேறி அங்கே போக இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். அதற்குள் ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் உயரம் ஏறி, தென்மேற்குப் பருவத்தில் சுவரே வியர்க்கும் ஊருக்குள் போய்விடுகிறோம். போடிமெட்டு வழியாக மூணாறு பக்கம் போகிற குழுக்களுக்கும் இதே நிலைதான். கீழே சரியாக இருந்த நெக் மேலே போனதும் வளைந்து கம்பி உயரும், அல்லது பின்னுக்குச் சாய்ந்து கம்பி ஃப்ரெட்டில் மோதிக் கரகரக்கும். சென்னையில் ஒரு கடையில் கொடுத்துச் செட்டிங் செய்து வாங்கினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சென்னையின் ஈரம் வேறு, சின்னமனூரின் ஈரம் வேறு. வாத்தியம் எங்கே வாழ்கிறதோ அங்கேதான் அதைச் சரிசெய்ய வேண்டும்.

எனவே முதல் கருவி ஸ்பேனரும் இல்லை, சாவியும் இல்லை; ஈரப்பதமானி. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் மனையில் தொங்கவிடும் சாதனம் இதே வேலையைத்தான் செய்கிறது. சின்ன டிஜிட்டல் வகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதைப் பெட்டிக்குள் போட்டு வைத்தால், நெக் ஏன் நகர்ந்தது என்ற ஊகத்துக்கு இடமிருக்காது. 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் மரம் நிம்மதியாக இருக்கும். மலைமேல் மழைக்காலத்தில் அது கைகூடாது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு ஓரளவு சமாளிக்கலாம். வாசித்து முடித்ததும் பேஸை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகும் பழக்கத்தை விட்டாலே பாதி வேலை குறையும்.

இனி சாவி விஷயம். இதில்தான் பணமும் வாத்தியமும் அதிகம் பாழாகின்றன என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

டிரஸ் ராடின் முனை எல்லா பேஸிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அமெரிக்க அளவுமுறைக்காரர்கள் அங்குலத்தில் செய்கிறார்கள். ஜப்பான், கொரியா, இந்தோனேஷியா, சீனத் தொழிற்சாலைகளிலிருந்து வருபவை பெரும்பாலும் மில்லிமீட்டரில். நம் ஊரில் புழங்கும் விலை மலிவான பேஸ்களில் 4 அல்லது 5 மில்லிமீட்டர் குழிதான் பரவலாக இருக்கும் என்பதால் அவற்றுக்கு ஹார்டுவேர் கடை செட்டே போதும். இரண்டு அளவுமுறைகளும் எங்கே ஒத்துப்போகும், எங்கே ஏமாற்றும் என்று தெரிந்துகொள்வது நல்லது. 5/32 அங்குலம் 3.97 மில்லிமீட்டர், நான்கு அதற்குக் கிட்டத்தட்டச் சமம். 5/64 அங்குலம் 1.98, இரண்டோடு ஒத்துப்போகும். 5/16 அங்குலம் 7.94; கிப்சன் வகை நெக்குகளில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த நட்டுக்கு 8 மில்லிமீட்டர் பாக்ஸ் ஸ்பேனர் சரியாக உட்காரும். ஆனால் 1/8 அங்குலம் 3.18. மூன்று அதில் உட்கார்ந்தது போலத் தெரியும், திருப்பினால் ஆடும். 1/16 அங்குலம் 1.59, ஒன்றரை அதில் இதே போல ஏமாற்றும். 3/16-இன் கதையை மேலேயே பார்த்தோம். சுத்தமாகப் பொருந்தாத சாவி ஆபத்தில்லாதது, ஏனென்றால் யாரும் அதைத் திருப்ப மாட்டார்கள். கிட்டத்தட்டப் பொருந்துகிற சாவிதான் வாத்தியத்தைத் தின்கிறது.

அங்குல ஆலன் கீ கிடைக்காத பொருள் இல்லை. தபேரியா போன்ற இந்திய நிறுவனங்களே மில்லிமீட்டர் செட்டையும் அங்குல செட்டையும் தனித்தனியாகச் செய்கின்றன. உள்ளூர் கடையில் கேட்பவர் குறைவு, அதனால் வைத்திருப்பவரும் குறைவு. பெயர் சொல்லிக் கேட்டால் மதுரையிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். அதற்குள் அவசரம் என்றால் பழைய லேத் பட்டறையில் விசாரிக்கலாம். அங்குலத் திருகு போட்ட பழைய இயந்திரங்கள் ஓடும் இடத்தில் அங்குலச் சாவியும் இருக்கும். 5 மில்லிமீட்டர் சாவியின் முகங்களைக் கிரைண்டரில் தேய்த்து 4.76-க்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று லேத்காரர் சொல்லவும் கூடும். அவரால் முடியும். ஆனால் வேண்டாம். தேய்க்கும் சூட்டில் சாவியின் உறுதி குறையும், முகங்கள் ஒன்றுபோல வராது. ஒரு சாவியின் விலைக்காக எடுக்கக்கூடிய துணிச்சல் இல்லை அது.

உருண்டை முனை கொண்ட சாவிகள் சாய்வாக நுழைய வசதியானவை. ஆனால் குழியை அவை பிடிக்கும் பரப்பு குறைவு. இறுகிய ராடுக்கு நேர் முனையே நல்லது. மியூசிக் மேன் வகை பேஸ்களில் நெக்கின் அடியில் துளைகள் கொண்ட ஒரு சக்கரம் தெரியும். அதில் சின்ன ஸ்குரூ டிரைவரை நுழைத்துத் தள்ளினால் போதும், தனிச் சாவியே தேவையில்லை. எல்லா நிறுவனமும் இதையே பின்பற்றியிருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். பழைய ஃபெண்டர் பாணியில் செய்தவற்றில் திருகு நெக்கின் அடிமுனையில் உடலுக்குள் ஒளிந்திருக்கும். அதற்குக் கம்பியைத் தளர்த்தி, நான்கு திருகுகளைக் கழற்றி, நெக்கைத் தூக்கி, அகலமான ஸ்குரூ டிரைவரால் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி பூட்டிப் பார்க்க வேண்டும். மேடை ஏறும் மாலையில் அதைத் தொடக் கூடாது.

எந்த வகையானாலும் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல் இருப்பது நல்லது. நட்டைப் பார்த்தபடி வலப்பக்கமாகத் திருப்பினால் ராட் இறுகி நெக் நிமிரும்; இடப்பக்கமாகத் திருப்பினால் தளர்ந்து முன்பக்கம் வளையும். இறுக்கும் முன் கம்பிகளைச் சற்றுத் தளர்த்திக்கொண்டால் ராடுக்குச் சுமை குறையும். திருப்பிய பின் மறுபடி சுருதி கூட்டிவிட்டு அளக்க வேண்டும். மரம் முழுதாக நகர்ந்து அமர ஒரு நாள்கூட ஆகலாம்.

அளப்பதற்கு வேண்டிய கருவி ஃபீலர் கேஜ். ஊசிப்பட்டாசுச் சரம் மாதிரி மெல்லிய உலோகத் தகடுகளை அடுக்கியிருக்கும் அந்தச் சாதனத்தை இசைக்கருவிக் கடையில் தேட வேண்டியதில்லை. டேப்பெட் செட் செய்யும் எந்த மெக்கானிக்கிடமும் இருக்கும். பைக் எஞ்சினுக்கு 0.05, 0.10 போன்ற மெல்லிய தகடுகள். டிராக்டருக்கும் தோட்டத்து டீசல் எஞ்சினுக்கும் அதைவிடத் தடித்தவை. பேஸுக்கு வேண்டிய 0.30-உம் 0.35-உம் அதே கட்டில்தான் இருக்கின்றன. முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, அல்லது ஒரு விரலால் அழுத்தி, கடைசி ஃப்ரெட்டில் அதே கம்பியை இன்னொரு கையால் அழுத்தினால் கம்பியே ஒரு நேர்கோல் ஆகிவிடும். ஏழாவது எட்டாவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே எவ்வளவு சந்து இருக்கிறது என்று பார்க்க வேண்டும். விரல்பலகையின் வளைவு 9.5 முதல் 12 அங்குல ஆரம் கொண்ட பேஸ்களுக்கு ஃபெண்டர் சொல்லும் அளவு 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீட்டர், பழைய பாணி 7.25 அங்குல வளைவுக்கு 0.014 அங்குலம். தகட்டை நுழைத்தால் கம்பியைத் தூக்காமல் உரசிக்கொண்டு போக வேண்டும். டேப்பெட் வைத்துப் பழகிய கைக்கு அந்த உரசல் ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும். வாத்தியம் தெரியாத மெக்கானிக், மெக்கானிக் வேலை தெரியாத வாசிப்பாளரைவிட இந்த ஒரு அளவை நன்றாக எடுப்பார் என்பது என் எண்ணம்.

பாலத்தில் கம்பியின் உயரத்தை ஏற்றி இறக்க ஒவ்வொரு சேடிலிலும் இரண்டு சின்னத் திருகுகள். இறக்குமதி பேஸ்களில் 1.5 மில்லிமீட்டர் சாவி. அமெரிக்கத் தயாரிப்புகளில் 0.050 அங்குலம் போன்ற நுண்ணிய அளவுகள். வியர்வையும் தூசியும் சேர்ந்து துரு பிடிக்கும் இடம் இதுதான் என்பதால் சாவியைப் போடும் முன் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் காத்திருப்பது நல்லது. உயரத்தை அளக்க ஸ்டீல் ஸ்கேல் போதும், அரை மில்லிமீட்டர் கோடு தெளிவாகத் தெரிந்தால் சரி. பதினேழாவது ஃப்ரெட்டின் மேல் தடித்த கம்பிக்கு 2.4 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு 2.0 மில்லிமீட்டர் அளவில் தொடங்கலாம். மேடையில் பலமாக அடித்து வாசிப்பவர் இதைவிட ஏற்றிக்கொள்வார். அது குற்றமில்லை.

நட் என்று அழைக்கப்படும் வெள்ளைத் துண்டில், கம்பிகள் உட்காரும் வாய்க்கால்கள் ஆழம் போதாமல் இருப்பது மலிவான பேஸ்களில் பொதுவான குறை. முதல் ஃப்ரெட்டை அழுத்தவே விரல் வலிக்கும். அழுத்தினால் ஸ்வரமும் ஏறி ஒலிக்கும். வெளிநாட்டுக் கடைகள் ஒவ்வொரு கம்பியின் தடிமனுக்கும் ஓர் அரம் என்று செட்டாக விற்கின்றன, விலை கையைக் கடிக்கும். இங்கே இரண்டு மாற்று உண்டு. கேஸ் வெல்டிங்காரர்கள் நாசில் அடைப்பை எடுக்க வைத்திருக்கும் கம்பி அரங்கள் 45, 65 கன மெல்லிய கம்பிகளின் வாய்க்காலுக்கு ஏற்றவை. தடித்த இரண்டு கம்பிகளுக்கு அவை போதா. அங்கே நகைத் தொழிலாளர்கள் பயன்படுத்தும் ஊசி அரங்களில் உருண்டை வகையைக் கேட்டு வாங்கலாம். வாய்க்காலைத் தலைப்பக்கமாகச் சரித்து, இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு தடவை கம்பியைப் போட்டுப் பார்த்து வேலை செய்ய வேண்டும். ஆழம் கூடிவிட்டால் திரும்பப் போட வழியில்லை, புது நட்தான். ஆகவே முதல் முறை செய்பவர் தன் பேஸில் பழகாமல், யாராவது ஒதுக்கிப் போட்ட கிட்டாரில் பழகுவது புத்திசாலித்தனம்.

சுருதிச் சுத்தத்துக்கு, அதாவது பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் ஒன்றாக ஒலிப்பதற்கு, வேண்டியவை ஒரு ஸ்டார் ஸ்குரூ டிரைவரும் ஒரு டியூனரும். அழுத்திய ஸ்வரம் ஏறி ஒலித்தால் சேடிலை நெக்கிலிருந்து தள்ளி நகர்த்த வேண்டும். இறங்கி ஒலித்தால் நெக் பக்கமாக. பழைய கம்பியை வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்குவது வீண். சீரற்றுத் தேய்ந்த கம்பி எங்கே வைத்தாலும் பொய்தான் சொல்லும். செல்போன் டியூனர்கள் தாழ்ந்த ஸ்வரங்களில் தடுமாறும். நான்காவது கம்பியின் மி 41.2 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பி பேஸின் தாழ்ந்த கம்பி 30.9. போன் மைக் அவ்வளவு கீழே இறங்கிக் கேட்கும்படி செய்யப்பட்டதில்லை. வயர் செருகும் டியூனர் பெடல், அல்லது தலையில் கவ்வும் கிளிப் டியூனர் இதற்குச் சரி. ஸ்டார் ஸ்குரூ டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானிய வாத்தியங்களின் திருகுகளில், ஜப்பானிய பைக்குகளில் இருப்பதைப் போலவே, வழக்கமான பிலிப்ஸ் முனை முழுதாக உட்காராமல் எகிறும் வகை உண்டு. பழைய யமஹா ஆர்எக்ஸ் 100-இன் கார்புரேட்டரோடு மல்லுக்கட்டிய மெக்கானிக்குகளுக்கு அந்த வித்தியாசம் கையிலேயே இருக்கிறது. அவர்களிடம் இருக்கும் ஸ்குரூ டிரைவர் இங்கேயும் உதவும்.

மின்சாரப் பகுதிக்கு 25 வாட் சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், கான்டாக்ட் கிளீனர். மூன்றையும் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் பார்க்கலாம். வால்யூம் திருகு கரகரப்பதும் ஜாக் தளர்ந்து ஒலி விட்டுவிட்டு வருவதும் பத்து நிமிட வேலை. ஜாக் நட்டுக்கு 1/2 அங்குல ஸ்பேனர். 13 மில்லிமீட்டரும் சமாளிக்கும். பேட்டரி போடும் ஆக்டிவ் பேஸாக இருந்தால், வாசிக்காதபோது வயரை ஜாக்கிலிருந்து உருவிவிட வேண்டும், இல்லையென்றால் 9 வோல்ட் பேட்டரி பெட்டிக்குள்ளேயே காலியாகும்.

இந்தப் பட்டியலில் வெளிநாட்டுக் கையேடுகள் சேர்க்காத ஒரு கருவி நம் மேடைக்குக் கட்டாயம் வேண்டும்: எலக்ட்ரீஷியன் டெஸ்டர். பேஸின் கம்பிகள் பாலம் வழியாக ஆம்பிளிஃபயரின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடையில் எர்த் ஒழுங்காக இல்லாமல், ஆம்ப் ஓர் இணைப்பிலும் மைக் வேறோர் இணைப்பிலும் இருந்தால், கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு படும்போது ஷாக் அடிக்கும். லேசாகச் சுருக்கென்று போனால் அதிர்ஷ்டம். வாசிக்கத் தொடங்கும் முன் கம்பியையும் மைக்கின் வலையையும் டெஸ்டரால் தொட்டுப் பார்க்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் இரண்டுக்கும் இடையே ஏசி வோல்ட் அளக்கலாம். டெஸ்டர் எரிந்தால் செட்டிங்கைப் பற்றிய பேச்சே வேண்டாம். ஒலிபெருக்கிக்காரரைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்ய வைத்த பிறகுதான் பேஸைத் தோளில் மாட்ட வேண்டும்.

இவ்வளவும் வீட்டில் செய்யக்கூடியவை. ஃப்ரெட் தேய்ந்து குழி விழுந்திருந்தாலோ, நெக் முறுக்கிக்கொண்டிருந்தாலோ, ராட் கடைசி வரை இறுகியும் நெக் நிமிராவிட்டாலோ வேறு கை வேண்டும். ஃப்ரெட்டுகளைச் சமன்செய்ய நீண்ட நேர்ப்பரப்புக் கட்டையும், முதுகை மறுபடி உருட்டும் தனி அரமும் வேண்டும். அவற்றை வாங்குவதைவிட, ஆண்டுக்கணக்காக அதையே செய்துவரும் கையிடம் கொடுப்பது மலிவு. மதுரையிலும் சென்னையிலும் பெங்களூருவிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2010-இன் இறுதியில் மதுரைக்கு ஓடிய மீட்டர் கேஜ் வண்டி நின்ற பிறகு பல ஆண்டுகள் பேருந்துதான் கதி. அகல ரயில் 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் வந்து, சென்னை வண்டியும் ஓடத் தொடங்கியபின் பெட்டியோடு போய்வருவது எளிதாகியிருக்கிறது. சென்னையில் அண்ணா சாலையின் மியூசி மியூசிக்கல் 1842-இல் தொடங்கிய கடை. பேஸ் கிட்டார் என்ற வாத்தியம் உலகில் பிறப்பதற்கு நூறு ஆண்டுகள் முன்பிருந்தே இசைக்கருவி விற்றுவரும் ஊருக்குப் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வாத்தியத்தைச் சரிசெய்வது தனித் தொழில் என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும், அதாவது ஃப்ரெட்டுகளும், மெழுகில் பதிக்கப்பட்டவை. வெயிலில் மெழுகு இளகி மெட்டுகள் நகரும்போது, மேளம் கட்டுபவர் வந்து காதாலேயே ஒவ்வொன்றையும் இடம் பார்த்துப் பதித்துவிட்டுப் போவார். வித்வான் தானே அதைச் செய்வது அரிது. பறைக்காரர் அதற்கு நேர்மாறு. மேடைக்கு வெளியே தீ மூட்டித் தோலைத் தானே காய்ச்சிக்கொள்வார், பனி இறங்கினால் மறுபடி காய்ச்சுவார். பேஸ் கிட்டார் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பறையைப் போல அன்றாடம் கவனிக்க வேண்டிய பகுதி பெரிது. வீணையைப் போல வல்லவரிடம் விட வேண்டிய பகுதி சிறிது. இந்தப் பள்ளத்தாக்கில் முதல் பகுதியையும் யாரோ செய்வார்கள் என்று விட்டுவிடுவதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

இதற்குத் தனி ஆளுக்குத் தனி செட் வேண்டியதில்லை. ஒரு மெல்லிசைக் குழுவுக்கு, அல்லது இரண்டு மூன்று தேவாலயப் பாடற்குழுக்களுக்குச் சேர்த்து ஒரு பெட்டி போதும்: நல்ல எஃகில் செய்த மில்லிமீட்டர் ஆலன் கீ செட், அங்குல செட், 8 மில்லிமீட்டர் பாக்ஸ் ஸ்பேனர், ஃபீலர் கேஜ், ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல், இரண்டு அளவு ஸ்டார் ஸ்குரூ டிரைவர், கட்டிங் பிளையர், டியூனர், டெஸ்டர். பிளையரைப் பற்றி ஒரு குறிப்பு: புதுக் கம்பியின் மிச்ச நீளத்தை வெட்டும் முன் அதைச் செங்குத்தாக மடித்துவிட்டு மடிப்புக்கு அப்பால் வெட்ட வேண்டும். இல்லையென்றால் மேலே சுற்றிய இழை உள்கம்பியில் நழுவி, கம்பி உயிரில்லாமல் ஒலிக்கும். ஒரு நல்ல கம்பி செட் இரண்டாயிரம் ரூபாயைத் தொடும் நிலையில் இது சின்ன விஷயம் இல்லை. கம்பியைத் தண்ணீரில் கொதிக்கவைத்து அழுக்கெடுத்து மறுபடி மாட்டும் பழைய தந்திரம் இன்னும் செல்லும். சில வாரங்களுக்குப் பளபளப்பு திரும்பும். அதன் பிறகு அதுவும் கைவிடும்.

பெட்டியை யார் வைத்திருப்பது என்பதில்தான் குழுக்களில் சண்டை வரும். என்னைக் கேட்டால் வாசிப்பவரிடம் கொடுப்பதைவிட, குழுவில் பைக்கைத் தானே கழற்றி மாட்டும் ஒருவரிடம் கொடுக்கலாம். தகடு உரசுவதை உணரும் கையும், திருகு இறுகும்போது நிறுத்தத் தெரிந்த கையும் அவரிடம் ஏற்கெனவே இருக்கும். கம்பி எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை வாசிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் போதும். பேஸ் பெட்டியின் மூடிக்கு உள்ளே ஒரு சீட்டு ஒட்டி, எந்தச் சாவி அளவு, எந்தத் தேதியில் எவ்வளவு சந்து, அன்று ஈரப்பதம் எவ்வளவு, எவ்வளவு திருப்பினோம் என்று எழுதி வைத்தால், சித்திரைக்கும் ஐப்பசிக்கும் இடையில் அந்த நெக் எப்படி நடந்துகொள்கிறது என்பது ஓர் ஆண்டில் தெரிந்துவிடும்.

பழைய பேஸ் வாங்கப் போகிறவர்களுக்கு இந்தப் பெட்டி இன்னும் பயன்படும். இங்கே கைமாறும் பேஸ்களில் பெரும்பங்கு பழையவை. நிறத்தையும் பெயரையும் பிக்கப்பையும் பார்ப்பவர்கள் தலைப்பகுதியின் சின்ன மூடியைக் கழற்றிப் பார்ப்பதில்லை. விலை பேசும் முன் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, அறுகோணக் குழியின் மூலைகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சரியான சாவியைப் போட்டு முதலில் இடப்பக்கமாக லேசாகத் தளர்த்தி, பிறகு அதே இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இரண்டு பக்கமும் திரும்பினால் ராடுக்கு உயிர் இருக்கிறது. தளர்ந்துவிட்டு மறுபடி இறுக மறுத்தாலோ, சாவி ஆடினாலோ, விற்பவர் தொட விடாமல் தடுத்தாலோ, பேஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதி விலைக்கு மேல் கொடுக்கக் கூடாது.